எரிந்த படத்துக்குச் சாட்சி

உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்’ என்று பொது அறிவுப் புத்தகங்களில் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் படம் 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1938 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு வெளியானது. இந்த இரண்டு செய்திகளைச் சரிபார்ப்பது எளிது. அன்றைய நாளிதழ்கள் இருக்கின்றன, நிறுவனத்தின் ஆவணங்கள் இருக்கின்றன, படமே இருக்கிறது. ‘உலகின் முதல்’ என்பதைச் சரிபார்க்க உட்கார்ந்தால்தான் புவெனஸ் ஐரிஸ் நகரில் எரிந்துபோன ஒரு கிடங்குவரை போக வேண்டியிருக்கிறது.

விக்கிப்பீடியாவில் திரைப்படக் கட்டுரைகளைச் சரிபார்ப்பது நான் விரும்பிச் செய்யும் வேலை. படத்தின் நீளம், வெளியான நாள், இசை யார், எந்த அரங்கு என்று தகவல் பெட்டிக்குள் இரண்டு விரல் அகலத்தில் அடங்கிவிடும் செய்திகள்தாம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மூலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியின் ஓரத்தில் ‘சான்று தேவை’ என்று குறித்துவிட்டுத் தேடப் போக வேண்டும். அனிமேஷன் படமென்றால் தேடல் இன்னும் கடினம். நடிகர் நடித்த படத்தில் அவர் நடித்தார் என்பதற்கு அவர் முகமே சாட்சி. அனிமேஷனில் வரைந்த கை திரையில் வராது. யார் வரைந்தார், எதை வெட்டி எதை நகர்த்தினார், எத்தனை பேர் எத்தனை மாதம் குனிந்திருந்தார்கள் என்பதெல்லாம் திரைக்கு வெளியே, யாராவது சொன்னால்தான் உண்டு. சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

கிரீனோ கிறிஸ்தியானி 1896இல் இத்தாலியில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்தது. புவெனஸ் ஐரிஸில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த இளைஞரை ஃபெடெரிகோ வாலே என்ற தயாரிப்பாளர் தன் செய்திப்படத்துக்கு ஓர் அசையும் கேலிச்சித்திரம் செய்து தரச் சொன்னார். அது நன்றாகப் போகவே, அடுத்துப் பெரிதாக ஒன்று செய்யலாம் என்று துணிந்தார்கள். அப்படி வந்ததுதான் ‘எல் அபோஸ்தொல்’. அப்போதைய ஜனாதிபதி ஹிப்பொலிதோ இரிகோயன் விண்ணுலகம் போய், ஜூபிட்டரிடம் இடியை இரவல் வாங்கி, ஊழல் மலிந்த தலைநகரை எரித்துத் தூய்மையாக்குவதாகக் கதை. அட்டையில் வெட்டிய உருவங்களைக் கேமராவின் கீழே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தார் கிறிஸ்தியானி. பாத்திரங்களின் தோற்றத்தை அமைத்துக் கொடுத்தவர் அன்று பெயர்பெற்றிருந்த கேலிச்சித்திரக்காரர் தியோகெனெஸ் தபோர்தா. எரியும் நகரக் காட்சிக்கு மாதிரிக் கட்டடங்களைக் கட்டியவர் ஆந்த்ரேஸ் துகோ. 1917 நவம்பர் 9 அன்று படம் திரைக்கு வந்தது. ‘ஸ்நோ ஒயிட்’ வருவதற்கு இருபது ஆண்டுகள் முந்தி.

படம் இன்று இல்லை. 1920களில் வாலேயின் நிறுவனத்தில் ஏற்பட்ட தீயில் போய்விட்டது. அன்றைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாத பொருள். ஒரு பிரதி எங்கோ தப்பியிருக்கிறது என்று இதுவரை யாரும் காட்டவில்லை.

படமில்லாத ஒரு படத்தைப் பற்றிய கட்டுரையை எப்படிச் சரிபார்ப்பது? எந்த நூலில் தேடினாலும் மூன்று எண்கள் சேர்ந்தே கிடைக்கின்றன: 58,000 ஓவியங்கள், 70 நிமிடம், நொடிக்கு 14 ஃப்ரேம். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் பார்த்தவுடன் நம்பிக்கை வருகிறது. 58,000ஐ 14ஆல் வகுத்து நிமிடமாக்கினால் 69 வருகிறது. எனக்கோ அந்தப் பொருத்தம்தான் தயக்கத்தைத் தந்தது. அட்டை உருவங்களைக் கொண்டு எடுத்த படத்தில் ஃப்ரேமுக்கு ஒன்றாகப் புதிய ஓவியம் தேவையே இல்லை. கையும் காலும் தனியாக அசையும்படி ஓர் உருவத்தை வெட்டிக்கொண்டால், அதையே நூற்றுக்கணக்கான ஃப்ரேம்களுக்குப் பயன்படுத்தலாம்; அந்த முறையின் பயனே அதுதான். ஆக, ‘ஓவியங்கள்’ என்று நூல்கள் சொல்வது ஃப்ரேம்களின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் எழுகிறது. மூன்று எண்களில் இரண்டைத் தெரிந்த ஒருவர் மூன்றாவதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தால்? அப்போது நம் முன்னால் நிற்பவர்கள் மூன்று சாட்சிகள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர், அல்லது ஒருவரே. ஒத்துப்போகும் செய்திகளைக் கண்டால் அவை தனித்தனி வழியாக வந்தவையா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இந்தப் படத்தில்தான் கற்றேன்.

நீளம் என்பது மௌனப் படத்தில் நிமிடத்தால் அளக்கக்கூடிய செய்தியே இல்லை. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். ஒரு மீட்டருக்கு 52 சொச்சம். இது மாறாது. அதை நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வேகத்தில் ஓட்டுவது என்பது மட்டும் ஊருக்கு ஊர், அரங்குக்கு அரங்கு மாறியது. ஒலி வந்த பிறகுதான் 24 என்று நிலைபெற்றது. 1,800 மீட்டர் நீளமுள்ள ஒரு மௌனப் படத்தை 24இல் ஓட்டினால் ஏறக்குறைய 65 நிமிடம், 18இல் ஓட்டினால் 87, 16இல் ஓட்டினால் 98. ஒரே படம்தான். ஒரு தளம் 65 என்றும் இன்னொன்று 90க்குப் பக்கமாகவும் போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்கத் தோன்றும். இரண்டுமே சரியாக இருக்கலாம், விடுபட்டது வேகம். அதனால்தான் பழைய படங்களுக்கு மீட்டர் கணக்கை எங்காவது கண்டால் புதையல் கிடைத்ததுபோல் மகிழ்ச்சி வருகிறது. தணிக்கை அட்டைகளில் அது இருக்கும். தணிக்கைக்கு வந்த பிரதியின் நீளம் அது.

இந்தக் கணக்கை ‘எல் அபோஸ்தொல்’ மீது வைத்துப் பார்த்தேன். 58,000 என்பது ஃப்ரேம்களின் எண்ணிக்கை என்று கொண்டால், படம் சுமார் 1,100 மீட்டர். நொடிக்கு 14 ஃப்ரேம் என்றால் 69 நிமிடம். 16 என்றால் 60. இன்றைய 24 என்றால் 40 நிமிடமும் சில நொடிகளும். இந்தக் கடைசி எண் மிக முக்கியமானது. அமெரிக்க ஆஸ்கர் அகாதமியும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் முழுநீளப் படம் என்பதற்கு வைத்திருக்கும் எல்லை 40 நிமிடத்துக்கு மேல் என்பது. ஆகவே இந்த மூன்றில் எந்த வேகத்தில் ஓட்டினாலும் ‘எல் அபோஸ்தொல்’ மயிரிழையிலாவது அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. பிரான்சில் 35 மி.மீ. படங்களுக்கான எல்லை 1,600 மீட்டர். அந்தக் கோலால் அளந்தால் இது முழுநீளப் படமே ஆகாது. ஒவ்வொரு ஓவியமும் இரண்டு ஃப்ரேமுக்கு எடுக்கப்பட்டிருந்தால் எல்லாமே இரட்டிப்பாகி, பிரெஞ்சு எல்லையையும் எளிதாகக் கடந்துவிடும். நூறாண்டுக்கு முந்தைய ஒரு மனிதரின் முதன்மை, 58,000 என்பது எதன் எண்ணிக்கை என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கட்டுரையில் எழுத முடியாது. கலைக்களஞ்சியத்தின் விதி தெளிவானது: கூட்டல் வகுத்தல் செய்யலாம், அதிலிருந்து யாரும் சொல்லாத புதிய முடிவுக்கு வரக் கூடாது. ‘ஓவியம் என்பது ஃப்ரேமைத்தான் குறிக்கிறது’ என்பது என் ஊகம். அதை எழுத வேண்டுமானால், திரைப்பட வரலாறு அறிந்த ஒருவர் முதலில் ஒரு நூலில் எழுதியிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த விதியில் எரிச்சலடைவார்கள். உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் எழுதக் கூடாதென்றால் என்ன கலைக்களஞ்சியம் என்று கேட்பார்கள். நான் இந்த விதியின் பக்கம் நிற்கிறவன். என் பெயரும் தகுதியும் வாசகருக்குத் தெரியாது. நாளை இதே பக்கத்தைத் திருத்தப்போகிறவரின் தகுதியும் தெரியாது. எங்கள் இருவரையும் நம்பாமலே வாசகர் அந்த வரியை நம்ப வேண்டுமென்றால், எங்களுக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்றில் அது ஊன்றியிருக்க வேண்டும். என் ஊகத்துக்கு உரிய இடம் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கம். அங்கே எழுதி வைத்தேன்.

அந்த வெளி ஊன்றுகோல், கிறிஸ்தியானியைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஒரே மனிதர். ஜியானல்பெர்த்தோ பெந்தாட்ஸி என்ற இத்தாலிய ஆய்வாளர், உலகம் மறந்துவிட்டிருந்த கிறிஸ்தியானியை அவருடைய முதுமையில் தேடிக் கண்டு பேசியவர். 1983இல் அவரைப் பற்றி இத்தாலிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு எழுதிய அனிமேஷன் வரலாற்றிலும் அவருக்கு இடம் கொடுத்தார். கிறிஸ்தியானி 1984இல் இறந்தார். பெந்தாட்ஸி சில ஆண்டுகள் பிந்தியிருந்தால் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி இது. சரிபார்க்கிறவர் அந்த நன்றியோடு இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அறுபது ஆண்டுக்குப் பிறகு ஒரு முதியவர் நினைவிலிருந்து சொன்னதற்கும், படம் வெளியான வாரத்தில் ஒரு நாளிதழ் அச்சிட்டதற்கும் எடை வேறு. திரையரங்கின் பெயரும் தேதியும் நாளிதழ் விளம்பரத்தில் கிடைக்கக்கூடியவை. எத்தனை ஃப்ரேம் என்பது தயாரித்தவர் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியது. ஒரே பத்தியில் இரண்டையும் ஒரே குரலில் எழுதினால் வாசகர் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுவார். ‘என்று கிறிஸ்தியானி பின்னாளில் கூறினார்’ என்ற நான்கு சொல் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றும். வாக்கியத்தைச் சுருக்குகிறேன் என்று யாராவது முதலில் வெட்டுவதும் அந்த நான்கு சொல்லைத்தான்.

பெந்தாட்ஸியின் நூலிலிருந்து ஆங்கிலக் கட்டுரை, அதிலிருந்து தமிழ்க் கட்டுரை, அதிலிருந்து ஒரு வார இதழின் துணுக்கு, அந்தத் துணுக்கை மேற்கோளாக வைத்து மீண்டும் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி. இப்படி ஒரு சுற்று முடிந்துவிட்டால் சான்றுகள் பெருகியிருப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஒரே குரல் பல வாய்கள் வழியாக வந்துகொண்டிருக்கும். பார்வையாளர்களே தகவல் சேர்க்கும் திரைப்படத் தளங்களை விக்கிப்பீடியா நம்பகமான மூலமாக ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்து, ஓர் எண் முதலில் எந்தத் தேதியில் உள்ளே வந்தது என்று பார்ப்பேன். மேற்கோளாகக் காட்டப்படும் துணுக்கின் தேதி அதற்குப் பிந்தியதென்றால் அந்த மேற்கோளை எடுத்துவிட வேண்டியதுதான்.

‘ஸ்நோ ஒயிட்’டுக்கு முன்பே முழுநீள அனிமேஷன் படம் எடுத்த இன்னொருவரான லோட்டே ரைனிகருக்குக் கிறிஸ்தியானி அளவு துயரமில்லை, ஏனென்றால் படம் இருக்கிறது. பெர்லினில் பிறந்த அவர் 1923இல் தொடங்கி 1926வரை, கறுப்புக் காகிதத்திலும் ஈயத்தகட்டிலும் நிழலுருவங்களை வெட்டி ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’ என்ற படத்தை எடுத்தார். பணம் கொடுத்தவர் லூயி ஹாகன் என்ற வங்கியாளர். ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்துகொண்டிருந்த காலம். காகிதப் பணத்தை வைத்திருப்பதைவிடப் படச்சுருளாக வாங்கி வைத்திருப்பது மேல் என்று வாங்கியிருந்தார். பாட்ஸ்டாமில் அவர் வீட்டு மோட்டார்க் கொட்டகையின் மேல்மாடத்தில் வேலை நடந்தது. கணவர் கார்ல் கோக் கேமராவைப் பார்த்துக்கொண்டார். வால்டர் ருட்மனும் பெர்டோல்ட் பார்டோஷும் பின்னணிகளையும் மாயக்காட்சிகளையும் செய்தார்கள். மூல நெகட்டிவ் 1945இல் பெர்லின் போரில் அழிந்துவிட்டது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் வண்ணம் தோய்த்த ஒரு பிரதி தப்பியிருந்ததால், 1990களின் இறுதியில் அதைக் கொண்டு படத்தை மீட்டெடுத்தார்கள்.

வெளியான நாள் எது என்று கேட்டால் ரைனிகரின் படத்துக்கும் மூன்று விடை கிடைக்கும். 1926 மே 2 அன்று பெர்லின் ஃபோக்ஸ்பியூனே அரங்கில் அழைக்கப்பட்டவர்களுக்கான காட்சி. ஜூலையில் பாரிஸ். செப்டம்பரில்தான் பெர்லினின் குளோரியா பலாஸ்ட் திரையரங்கில் சீட்டு வாங்கிப் பார்க்கும் கூட்டத்துக்கு வந்தது. மூன்று தேதிகளும் தகவல் பெட்டியில் மாறிமாறிச் சண்டையிடும். தேதியோடு அரங்கின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும்.

ஸ்டாரெவிச் என்ற இயக்குநரின் பொம்மைப்படம் ‘நரியின் கதை’ இன்னும் சிக்கலானது. அசைவுகளைப் படமெடுக்கும் வேலை 1930ஆம் ஆண்டை ஒட்டியே முடிந்துவிட்டது. ஒலிப்பதிவில் தடைப்பட்டு, ஜெர்மன் மொழியில் 1937 ஏப்ரலில் பெர்லினில் வெளியாகி, பிரெஞ்சில் 1941இல்தான் வந்தது. செய்து முடித்த ஆண்டை எடுப்பதா, வெளியான ஆண்டை எடுப்பதா? வெளியான ஆண்டை எடுத்தால்கூட அது ‘ஸ்நோ ஒயிட்’டுக்கு எட்டு மாதம் மூத்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழுதக்கூடிய வாக்கியங்கள் இவை. ‘எல் அபோஸ்தொல்’: அறியப்பட்டவற்றில் முதல் முழுநீள அனிமேஷன் படம், இன்று கிடைக்கவில்லை. ‘இளவரசர் அகமது’: எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. ‘ஸ்நோ ஒயிட்’: அமெரிக்காவில் தயாரான முதல் முழுநீள அனிமேஷன் படம்; செல்லுலாய்டு தாள்களில் வரைந்து எடுத்தவற்றிலும் முதல். கடைசி வாக்கியம் டிஸ்னியின் பெருமையைக் குறைக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்த அந்த வேலையின் அருமை யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் ‘எஞ்சியிருப்பவற்றில்’ என்ற அடைமொழியை ஒருவர் நீக்கினால் கிறிஸ்தியானி காணாமல் போகிறார். ‘அமெரிக்காவில்’ என்பதை நீக்கினால் ரைனிகரும் சேர்ந்து போகிறார். வாக்கியம் நீளமாக இருக்கிறது, படிக்கத் தடங்குகிறது என்று இவற்றைச் செதுக்குகிற நல்ல நடைக்காரர்களிடம் எனக்கு உண்மையான கோபம் உண்டு. இருபது வயதைக் கடந்திருந்த ஓர் இளைஞர் அட்டையை வெட்டி வெட்டிச் செய்ததில் நம் கையில் மிஞ்சியிருப்பது ஓர் அடைமொழி மட்டுமே.

அதே காலத்தில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ நினைவுக்கு வராமலிருக்காது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். அதற்கும் பிரதி இல்லை. வெளியான ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் மாறுகிறது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டை அழிக்கும் உரிமை சரிபார்க்கிறவருக்குக் கிடையாது. யார் எந்த ஆண்டைச் சொல்கிறார் என்று மூன்றையும் எழுதி வைப்பதே நேர்மை.

கிறிஸ்தியானி 1931இல் ‘பெலூடோபொலிஸ்’ என்ற இன்னொரு முழுநீளப் படம் எடுத்தார். இரிகோயனைக் கிண்டல் செய்து தொடங்கிய வேலை. இடையில் 1930 செப்டம்பரில் இராணுவம் இரிகோயனைக் கவிழ்த்துவிட, கதையையே மாற்ற வேண்டியிருந்தது. ஒலியோடு வந்த முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். இரிகோயன் 1933இல் இறந்தபோது மரியாதைக்காகப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார் கிறிஸ்தியானி. அதுவும் பின்னர் அவருடைய கூடத்தில் ஏற்பட்ட தீக்கு இரையானது. அவர் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது 1938இல் எடுத்த ‘எல் மோனோ ரெலொகேரோ’ என்ற குறும்படம், கடிகாரக் கடைக் குரங்கு ஒன்றைப் பற்றிய குழந்தைக் கதை. அதைப் பார்த்துவிட்டு ‘எல் அபோஸ்தொல்’ இப்படித்தான் அசைந்திருக்கும் என்று எழுத எனக்கே ஆசை எழுந்தது. எழுதக் கூடாது. இடையில் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கான அரசியல் நையாண்டிக்கும் சிறுவர் கதைக்கும் உள்ள தூரமும் இருக்கிறது.

உரையாடல் பக்கத்தில் அடுத்து வருகிறவருக்காக மூன்று கேள்விகளை விட்டு வைத்திருக்கிறேன். 14 ஃப்ரேம் என்ற எண்ணை முதலில் அச்சிட்டது எந்த நூல், எந்தப் பக்கம்? 58,000 என்பதைச் சொன்னவர் கிறிஸ்தியானியா, வாலேயின் விளம்பரமா? 1917 நவம்பர் இரண்டாம் வாரத்து புவெனஸ் ஐரிஸ் நாளிதழ்களின் திரையரங்கு விளம்பரத்தில் காட்சி நேரங்கள் இருக்கின்றனவா? இருந்தால் இரண்டு காட்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு படத்தின் நீளம் எதற்கு மேல் போயிருக்க முடியாது என்றாவது சொல்லலாம். அதற்கு ஸ்பானிய மொழி தெரிந்த ஒருவர் அந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.